சாவி கைக்கு வந்த பிறகு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் ஆகி, கையில் சம்பளம் நிலையாக வரத் தொடங்கியிருக்கும் இளைஞர்களை மனதில் வைத்து இன்று பேச வந்திருக்கிறேன். கார்களைப் பழுது பார்ப்பது என் தொழில். நல்ல கார் என்றால் எனக்கு உயிர். ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்று சீராக ஓடினால், கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்பேன். ஆகவே ஆடம்பரக் கார் மேல் ஆசைப்படுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த ஆசைக்கு இருபத்தைந்து வயதில் என்ன விலை கொடுக்கிறோம் என்பதைச் சொல்லத்தான் ஆசைப்படுகிறேன்.

கார் வாங்கப் போனால், "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். அதோடு காரின் விலை பேச்சிலிருந்து நழுவிவிடும். தவணை அதிகமாகத் தெரிகிறதா, வருஷத்தைக் கூட்டினால் போதும், குறைந்துவிடும். கடன் தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம், வட்டி 10 சதவீதம். 5 வருஷத்தில் அடைத்தால் மொத்தம் ஏறக்குறைய 127 கட்டுவீர்கள். 7 வருஷம் என்றால் 139. சரி, பன்னிரண்டுதானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் அந்த 7 வருஷக் கடனில் முதல் தவணையில் பாதி வட்டிக்கே போய்விடுகிறது. 3 வருஷம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய பிறகும் அசலில் 65 பாக்கி நிற்கும்.

அந்த 3 வருஷத்தில் காரும் சும்மா இருப்பதில்லை. புதுக் கார் முதல் வருஷத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு விலையை இழப்பது சகஜம். ஆடம்பரக் கார்களில் பல இன்னும் வேகமாக இறங்கும், நான்கைந்து வருஷத்தில் பாதி விலைக்கும் கீழே வந்துவிடும். ஏன் என்றால், அப்படிப்பட்ட கார் வாங்க வசதி உள்ளவர் புதுசைத்தான் தேடுவார். பழசைப் பார்க்க வருகிறவர் பராமரிப்புச் செலவை நினைத்துப் பின்வாங்குவார். முன்பணம் அதிகம் போடாமல் வாங்கியவர் நடுவில் விற்க நினைத்தால், விற்ற பணம் கடனை அடைக்கப் போதாது. மேலே கைக்காசையும் போட வேண்டியிருக்கும்.

இன்சூரன்ஸ் காரின் மதிப்பைப் பொறுத்து ஏறும். ஓட்டுகிறவர் இளவயது என்றால் பல நாடுகளில் இன்னும் கூடும். எரிபொருள் செலவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் கையால் தொட்டு அறிந்தது ஒர்க்‌ஷாப் செலவு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். சாதாரணக் காரில் 195/65 ஆர்15 என்று இருக்கலாம். டயரின் அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம். அதாவது 127 மில்லிமீட்டர் அளவுக்கு ரப்பரும் காற்றும் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் அடியை அது வாங்கிக்கொள்ளும். ஆடம்பரக் காரில் 245/40 ஆர்19 என்று இருக்கும். கணக்குப் போட்டால் பக்கச்சுவர் 98 மில்லிமீட்டர்தான். பார்க்க அழகு. ஆனால் அதே பள்ளத்தில் அடி ரிம் வரைக்கும் போகிறது, அலாய் சக்கரம் நெளிகிறது, சில சமயம் விரிசல் விடுகிறது. பின் டயர் முன் டயரைவிட அகலமாக இருக்கும் கார்களும் உண்டு. அவற்றில் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு டயரின் ஆயுளை நீட்டவும் வழியில்லை.

முன்விளக்கும் அப்படித்தான். முன்பெல்லாம் பல்பு போனால் பல்பை மாற்றுவோம். இப்போது பல கார்களில் எல்இடி விளக்கு மொத்தமாக மூடிய ஒரே பெட்டி. உள்ளே ஒன்று பழுதானால் பெட்டியையே மாற்ற வேண்டும். முன் கண்ணாடியில் கல் பட்டு விரிசல் விட்டால் புதுக் கண்ணாடி மட்டும் போதாது. அதன் பின்னால் சாலையைப் பார்க்கும் கேமரா இருந்தால் அதை மறுபடி அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும், அதற்குத் தனிக் கூலி.

"அதனால்தான் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறேன்" என்பார்கள். இதைக் கேட்கும்போதுதான் எனக்கு அதிகக் கவலையாக இருக்கும். கார் பழசாக ஆக, காரின் விலை இறங்கும். உதிரிப் பாகத்தின் விலை அப்படி இறங்காது. மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கிய காராக இருந்தாலும், பாகம் வாங்கும்போது முழு விலைக் காருக்கு உரிய பில்தான் வரும். யானையை மலிவாக வாங்கினாலும் தீனி யானைத் தீனிதானே.

ஒரு தம்பி அப்படி ஒரு காரோடு வந்தார். காலையில் பார்த்தால் முன்பக்கம் ஒரு மூலை தரையை நோக்கிச் சாய்ந்து கிடக்கிறது என்றார். காற்றடைத்த பைகளால் காரைத் தாங்கி நிறுத்தும் ஏர் சஸ்பென்ஷனின் ரப்பர் பையில் மடிப்பு விழும் இடத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல். சோப்பு நுரையைத் தடவினேன், குமிழ் குமிழாக வந்தது. கசியும் காற்றை ஈடுகட்ட ஓடி ஓடி, பைக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரும் போய்விட்டிருந்தது. எஸ்டிமேட்டை வாங்கிப் படித்தவர், "அண்ணே, கம்ப்ரஸரை மட்டும் மாத்தினா போதாதா?" என்று கேட்டார். பை கசிந்தால் புதுக் கம்ப்ரஸரும் அதே வழியில் போய்விடும் என்று சொன்னேன்.

அப்புறம் காத்திருந்த நேரத்தில் பேச்சோடு பேச்சாக இன்னொன்றைச் சொன்னார். அவர் கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட துறையில் ஒரு வேலை வந்ததாம். ஆரம்பச் சம்பளம் கொஞ்சம் குறைவு. கார் தவணையை நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். எஸ்டிமேட்டைவிட இதுதான் என்னைத் தைத்தது. மேலதிகாரி முறையில்லாமல் நடத்தினால் வேலையை விட்டு விலகுவது, மறுபடி படிக்கப் போவது, வேறு ஊரில் முயன்று பார்ப்பது என்று இருபதுகளில் எடுக்க வேண்டிய முடிவு எதுவாக இருந்தாலும், "அடுத்த மாசத் தவணை?" என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. எந்த பில்லிலும் வராத இந்தச் செலவைத்தான் காரின் மிகப் பெரிய செலவாக நான் நினைக்கிறேன்.

அந்த வயதுப் பணத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக எத்தனை வருஷம் ஆகும் என்று தோராயமாகத் தெரியும். 8 சதவீதக் கூட்டு வட்டி என்றால் 9 வருஷம். 24 வயதில் ஒதுக்கி வைத்த தொகை 60 வயதுக்குள் நான்கு முறை இரட்டித்து 16 மடங்காகும். அதையே 42 வயதில் ஒதுக்கினால் 4 மடங்குதான். விலைவாசி ஏறும், 16 மடங்கு அன்றைக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆனாலும் 4-க்கும் 16-க்கும் உள்ள தூரத்தைப் பிற்பாடு எவ்வளவு சம்பாதித்தாலும் எட்டிப் பிடிப்பது சிரமம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? மனதைத் தளர விடாதீர்கள். இன்றே முழுவதும் அடைத்தால் எவ்வளவு என்று கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு மூன்று இடத்தில் காருக்கு விலை கேளுங்கள். இடைவெளி கட்டக்கூடிய அளவு என்றால் விற்றுவிடுவதைப் பற்றி யோசியுங்கள். முடியாது என்றால், கூடுதலாகக் கட்டும் பணம் அசலில் கழிகிறதா என்று கேட்டுக்கொண்டு, கையில் பணம் வரும்போதெல்லாம் அசலைக் குறையுங்கள்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், தவணை, இன்சூரன்ஸ், எரிபொருள், பராமரிப்பு எல்லாம் சேர்த்து வரும் தொகையை ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு மாதம் தடுமாறினாலும் விடை கிடைத்துவிடும். அதற்கு முன், அந்த மாடலின் நான்கு டயர், ஒரு முன்விளக்கு, முன் பிரேக் டிஸ்க், பேட் இவற்றின் விலையை ஒர்க்‌ஷாப்பில் வந்து கேளுங்கள். கேட்பதற்குக் காசு கிடையாது, நாங்கள் சந்தோஷமாகச் சொல்வோம்.

நன்றி, வணக்கம்.