டுனீடின் 1980கள்: லுக் ப்ளூ கோ பர்ப்பிளிலிருந்து தொடங்குவோம்

எல்லாருக்கும் வணக்கம். போன வீடியோவுக்குக் கீழே நிறைய பேர் நியூசிலாந்து பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். குறிப்பாக டுனீடின். 1980களில் அந்த ஊரிலிருந்து வந்த பேண்டுகளைப் பற்றி யார் பேசினாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் த க்ளீன், அப்புறம் த சில்ஸ், அப்புறம் த வெர்லேன்ஸ். முடிக்கிற நேரத்தில், "ஐந்து பெண்கள் சேர்ந்த ஒரு பேண்டும் இருந்தது" என்று ஒரு வரி. இன்று நான் அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்கப்போகிறேன்.

பேண்டின் பெயர் லுக் ப்ளூ கோ பர்ப்பிள். 1983இல் தொடங்கி 1987இல் முடிந்துவிட்டது. கேத் வெப்ஸ்டரும் டெனிஸ் ராஃபனும் கிட்டார், கேத்தி புல் பேஸ் கிட்டார், லெஸ்லி பாரிஸ் டிரம்ஸ், நார்மா ஓமாலி கீபோர்டும் புல்லாங்குழலும். அவர்கள் இருந்த காலத்தில் முழு ஆல்பம் என்று ஒன்றுகூட வரவில்லை. மூன்று இ.பி.க்கள், அதாவது சில பாட்டுகளே உள்ள சின்னத் தட்டுகள் மட்டும்: 1985இல் 'பிவிட்ச்ட்', 1986இல் இரண்டாவது, கடைசியாக 'திஸ் இஸ் திஸ்'. அவ்வளவுதான் கணக்கு.

'பிவிட்ச்ட்' தட்டில் 'சர்க்கம்ஸ்பெக்ட் பெனலப்பி' என்று ஒரு பாட்டு. கிரேக்கக் கதையில் ஒடிசியஸ் போருக்குப் போய் இருபது வருடம் திரும்பாமல் இருக்கிறான் இல்லையா, வீட்டில் காத்துக்கொண்டிருக்கும் மனைவிதான் பெனலப்பி. கிட்டத்தட்ட மூவாயிரம் வருடமாக அவளைப் பொறுமைக்கு உதாரணமாகவே சொல்லிவந்திருக்கிறார்கள். இருபது வயதுகளில் இருந்த பெண்கள், ஒரு பப் மேடையில், அந்தக் காத்திருப்பைக் கையில் எடுத்துப் பாட்டாக்குகிறார்கள். கோபமாகக் கத்துவதில்லை. ஒரு குரல் தொடங்க, இன்னொன்று பக்கத்தில் வந்து சேர்கிறது. யார் முன்னணிப் பாடகி என்று சொல்லவே முடியாது. எனக்கு இந்தப் பேண்டில் மிகவும் பிடித்தது இதுதான். ஐந்து பேரில் ஒருவரும் முன்னால் வந்து நிற்பதில்லை. இரண்டு கிட்டார்களும் ஒன்றோடொன்று போட்டி போடுவதில்லை. கீபோர்டு நடுவில் ஒரு இழையாக ஓடுகிறது. லெஸ்லி பாரிஸின் டிரம்ஸைத் தனியாகக் கவனியுங்கள். அலங்காரமே கிடையாது, ஆனால் பாட்டு ஒரு இடத்திலும் தளராது.

சரி, இப்படி ஒரு பேண்ட் அந்த ஊரில் எப்படி உருவானது? அதற்கு ஊரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டுனீடின் நியூசிலாந்தின் தெற்குத் தீவில், தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. 1848இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்து குடியேறிய ஊர். மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். நாட்டிலேயே பழைய பல்கலைக்கழகமான ஒட்டாகோ அங்கேதான். அதனால் ஊர் நிறைய மாணவர்கள், அவர்கள் வாடகைக்கு எடுத்த பழைய, குளிரான வீடுகள். பெரிய ரெக்கார்ட் கம்பெனிகள் எல்லாம் வடக்குத் தீவில், ஆக்லாந்து பக்கம். அங்கே போக வேண்டுமென்றால் தீவின் நீளத்துக்கு வண்டி ஓட்டி, கப்பலில் கடல் தாண்டி, மறுபடி வண்டி ஓட்ட வேண்டும். ஆக, கம்பெனிக்காரர் யாராவது வந்து பார்ப்பார் என்று அங்கே யாரும் காத்திருக்கவில்லை. எம்பயர் ஹோட்டல் மாதிரி சின்ன இடங்களில் வாசித்தார்கள். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் வேறு பேண்டுகளில் வாசிப்பவர்கள்.

முதலில் வழி திறந்தது த க்ளீன். டேவிட், ஹாமிஷ் என்ற கில்கோர் சகோதரர்களும் பீட்டர் கட்டரிட்ஜும் 1978இல் தொடங்கியது. பிறகு பேஸுக்கு ராபர்ட் ஸ்காட் வந்தார். 1981இல் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் ரெக்கார்ட் கடை வேலையில் இருந்த ராஜர் ஷெப்பர்ட், ஃப்ளையிங் நன் என்ற சின்ன ரெக்கார்ட் லேபிளைத் தொடங்குகிறார். அதே வருடம் அந்த லேபிளில் க்ளீனின் 'டேலி ஹோ' சிங்கிள் வருகிறது. பதிவுச் செலவு ஐம்பது அறுபது டாலர்தான். அது நாட்டுத் தரவரிசையில் 19ஆம் இடம் வரை ஏறியது! அதில் விடாமல் ஒலிக்கும் அந்த ஆர்கனை வாசித்தது சில்ஸ் பேண்டின் மார்ட்டின் ஃபிலிப்ஸ். அடுத்து வந்த 'பூடில் பூடில் பூடில்' இ.பி. 5ஆம் இடத்தைத் தொட்டு, கிட்டத்தட்ட அரை வருடம் பட்டியலில் நின்றது. அதில் 'பாயின்ட் தட் திங் சம்வேர் எல்ஸ்' கேளுங்கள். ஒரே சுருதியில் கிட்டார் ஒலித்துக்கொண்டே இருக்கும், தம்புரா மாதிரி. அதன்மேல் டேவிட் கில்கோர் அலைந்து திரிவார். பாட்டு எங்கேயும் போய்ச் சேராது. சேர வேண்டிய அவசியமும் இல்லை.

அப்புறம் 1982இல் 'டுனீடின் டபுள்'. இரண்டு தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு பேண்ட்: சில்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ், ஸ்டோன்ஸ் (ரோலிங் ஸ்டோன்ஸ் அல்ல), வெர்லேன்ஸ். கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு வீட்டு முன்னறையில் இசைக்கலைஞர் கிறிஸ் நாக்ஸும் ஒலிப்பதிவாளர் டக் ஹூடும் பதிவுசெய்தார்கள். கருவி, நாக்ஸ் வைத்திருந்த டியாக் நான்கு டிராக் டேப் மெஷின்.

இந்த மெஷினைப் பற்றி ஒரு நிமிஷம் பேசியே ஆக வேண்டும். நான்கு டிராக் என்றால் நான்கு ஒலிகளைத்தான் தனித்தனியாக வைக்க முடியும். டிரம்ஸுக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று என்று போட்டாலே மூன்று போய்விடும். இன்னும் குரல் வேண்டும், ஆர்கன் வேண்டும் என்றால் அந்த மூன்றையும் கலந்து நான்காவதில் இறக்கிவிட்டு, பழைய மூன்றையும் அழித்து மறுபடி பயன்படுத்த வேண்டும். கலந்தது கலந்ததுதான். பிறகு பேஸை மட்டும் கொஞ்சம் ஏற்றலாம் என்றால் முடியாது. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் கூர்மை கொஞ்சம் மழுங்கும், டேப்பின் இரைச்சல் கூடும். அந்தத் தட்டுகளில் நாம் கேட்கும் மங்கலைப் பலர் ஊரின் மழை, பனி என்றெல்லாம் வர்ணிக்கிறார்கள். எனக்குக் கேட்பது அந்த அறையும் அந்த மெஷினும்.

இந்த நான்கு பேண்டுகளும் ஒன்றுபோல ஒலிக்கவே இல்லை என்பதையும் கவனியுங்கள். வெர்லேன்ஸின் கிரேம் டவுன்ஸ் செவ்வியல் இசை படித்தவர், இசையமைப்பாளர் மாலர் பற்றி முனைவர் பட்டம் வாங்கி, ஒட்டாகோவிலேயே இசை கற்பித்தவர். அவருடைய 'டெத் அண்ட் த மெய்டன்' அடிக்கிற வேகத்தில் தொடங்கி, நடுவில் தளர்ந்து வேறொரு நடைக்கு நழுவி, திரும்பப் பாய்ந்து வரும். ஸ்னீக்கி ஃபீலிங்ஸோ மெலடிக்காகவே வாழ்ந்தவர்கள். இரண்டையும் 'டுனீடின் சவுண்ட்' என்ற ஒரே பெயரில் கட்டிவைப்பது இரண்டு பேருக்குமே நியாயமில்லை.

சில்ஸின் 'பிங்க் ஃப்ராஸ்ட்' பற்றிச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. தொடக்கத்தில் சில நொடிகள் பிரகாசமான கிட்டார். சந்தோஷமான பாட்டு என்று நினைக்கிற நேரத்தில் அது விலகி, அடியில் பேஸும் டிரம்ஸும் ஒரு நாடித்துடிப்பாக ஓடத் தொடங்கும். காதலி இறந்து கிடப்பதைக் கண்ட ஒருவனின் குரல் அது. 1982இல் பதிவுசெய்தது, வெளிவந்தது 1984இல். இடையில், 1983இல், அதில் டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் புல் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். தன் தோல் ஜாக்கெட்டை ஃபிலிப்ஸுக்கு விட்டுப்போனார். 1986இல் வந்த 'ஐ லவ் மை லெதர் ஜாக்கெட்' அதைப் பற்றியது. சோகப்பாட்டே அல்ல, நல்ல ராக். நண்பனை அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஸ்டோன்ஸின் வெய்ன் எல்சியும் 1985இல் ரயிலில் நடந்த விபத்தில் போய்விட்டார். ஃபிலிப்ஸ் 2024இல் காலமானார்.

லுக் ப்ளூ கோ பர்ப்பிள் இந்தக் கூட்டத்தின் நடுவிலேயே இருந்தவர்கள், ஓரத்தில் அல்ல. பேண்ட் கலைந்த பிறகு டெனிஸ் ராஃபன் 3டீஸ் பேண்டில் வாசித்தார். லெஸ்லி பாரிஸ் ஃப்ளையிங் நன் லேபிளையே நிர்வகித்தார். கேத்தி புல் இன்று ஃப்ரான்சிஸ்கா கிரிஃபின் என்ற பெயரில் பாடிக்கொண்டிருக்கிறார். அப்படியிருந்தும் இவர்களுக்கு எல்லாக் கதையிலும் ஒரே வரிதான் கிடைக்கிறது. எனக்கு அது உண்மையாகவே வருத்தம். மூன்று இ.பி. என்பதால் ஒதுக்கினார்கள் என்று சொல்ல முடியாது. 'டுனீடின் டபுள்' தட்டிலும் ஒரு பேண்டுக்குச் சில பாட்டுகள்தான், அதைக் கொண்டாடவில்லையா?

2017இல் 'ஸ்டில் பிவிட்ச்ட்' என்ற பெயரில் இவர்களுடைய பாட்டுகளைத் தொகுத்து மறுபடி வெளியிட்டார்கள். தேடினால் கிடைக்கும். முதலில் 'சர்க்கம்ஸ்பெக்ட் பெனலப்பி', அடுத்து 'காக்டஸ் கேட்'. போன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் பேஸ் காணாமல் போய்விடும். கேட்டுவிட்டு உங்களுக்கு எந்தக் குரல் முதலில் காதில் விழுந்தது என்று கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன். அடுத்த வீடியோவில் டுனீடினுக்குப் பக்கத்துத் துறைமுகமான போர்ட் சால்மர்ஸ் போகிறோம். 1988இல் புரூஸ் ரஸல் அங்கே தொடங்கிய எக்ஸ்பிரஸ்வே லேபிளும் அதன் கேசட்டுகளும்.