ஏழு தோல்வி, ஒரு வெற்றி, ஒரு முகமூடி

வணக்கம். கோவில்பட்டியிலிருந்து நான்தான். தொண்டை கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று 2025 ஜூன் 23. நேற்று ஹாக்கியில் பெல்ஜியத்துக்கு எதிராக 59ஆவது நிமிடத்தில் நம் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் கோல் போட்டபோது கத்தியதில் போன குரல் இன்னும் திரும்பவில்லை. எதிர்வீட்டு ஆச்சி யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வாசலுக்கே வந்துவிட்டார். "ஒன்றுமில்லை ஆச்சி, ஜெயித்துவிட்டோம்" என்றேன். "எத்தனை நாளைக்குப் பிறகு?" என்று கேட்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். மேல்காற்று வீசுகிறது, இடையிடையே இரைச்சல் வரும்.

4-3. ஏழு தோல்விக்குப் பிறகு ஒரு வெற்றி. அதுவும் முந்தின நாள் நம்மை 6-3 என்று துவைத்து எடுத்த அதே பெல்ஜியத்தை, அவர்களுடைய ஆன்ட்வெர்ப் மைதானத்திலேயே. சுக்ஜீத் இரண்டு, அமித் ரோஹிதாஸ் ஒன்று, கேப்டன் ஒன்று. ரோஹிதாஸ் பெயரைக் கவனித்தீர்களா? "கிழடு தட்டிவிட்டது, தூக்கிப் போடுங்கள்" என்று போன வாரம் முழுக்க நீங்கள் எனக்கு எழுதினீர்களே, அதே ரோஹிதாஸ்தான். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் நீல நோட்டு. பழைய நேயர்களுக்கு இது தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: நாம் போடுகிற கோலை இதில் எழுத மாட்டேன். அதை ஊரே எழுதும். வாங்குகிற கோலை மட்டும் எழுதுவேன். நிமிடம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பந்தை முதலில் யார் இழந்தார், இவ்வளவுதான். மாவட்ட லீக்கில் ஒன்பது வருடம் இடப்பக்கப் பின்களத்தில் நின்றவனுக்கு வேறு என்ன கண்ணில் படும்?

இந்த ஐரோப்பியப் பயணத்தில் எட்டுப் போட்டிகள், வாங்கிய கோல் 26. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன், மாறவில்லை. நெதர்லாந்திடம் 1-2, 2-3. அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2. ஆஸ்திரேலியாவிடம் 2-3, மறுபடியும் 2-3. பிறகுதான் அந்த ஆறு கோல் கூத்து. ஏழு தோல்வியில் ஆறு ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வந்தவை. சும்மா தோற்றிருந்தால்கூட இவ்வளவு எரியாது. ஒவ்வொரு நாளும் கைக்கு வந்துவிட்டது என்று நினைக்கும்போது நழுவும்.

நிமிடத்தைப் பாருங்கள். நெதர்லாந்துடன் முதல் ஆட்டத்தில் நம்மைக் கவிழ்த்த கோல் 58ஆவது நிமிடம். இரண்டாவது ஆட்டத்தில் ஜுக்ராஜ் 54இல் சமன் செய்கிறார், மூன்றே நிமிடத்தில், 57இல், யிப் யான்சன் முடித்துவிடுகிறார். ஆஸ்திரேலியாவுடன் 2-0 என்று முன்னிலையில் இருந்தோம், அபிஷேக் இரண்டு கோல். கடைசி அடி விழுந்தது 60ஆவது நிமிடத்தில். அறுபது நிமிட ஆட்டத்தில் அறுபதாவது நிமிடம்! பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் சாம்பார் கொட்டுவதுபோல.

இதை வைத்துத்தான் எங்கள் டீக்கடையில் இரண்டு கட்சி. ஒரு கட்சி: கிழவர்களைக் கழற்றிவிடு. மன்பிரீத் 400ஆவது சர்வதேசப் போட்டியை இந்தப் பயணத்தில்தான் ஆடினார், போதும், இளைஞர்களுக்கு வழிவிடட்டும். இரண்டாவது கட்சி: பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டனை மாற்று, தடுத்து ஆடியே ஜெயிக்கலாம் என்கிற அவருடைய கொள்கை ஒத்துவரவில்லை. மூன்றாவதாக ஓர் உள்ளூர்க் கட்சியும் உண்டு, அதை மறந்துவிட்டேனே: செல்வம் கார்த்தியை எடு.

கார்த்தி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லையென்றால் நாளை கடைப்பக்கம் போக முடியாது. கார்த்தி அரியலூர்ப் பையன், ஆனால் எங்கள் ஊர் விளையாட்டு விடுதியில் வளர்ந்த ஆட்டம். 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் எங்கள் மாரீஸ்வரனும் அவரும் ஒன்றாக இந்திய அணிக்குள் வந்தார்கள், பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். அன்று இங்கே வெடி வெடித்தோம். அவரை எடுத்தால் என்னைவிட மகிழ்கிறவன் இருக்க மாட்டான். ஆனால் அண்ணாச்சிகளே, அவர் முன்களம். ஓட்டை கூரையில், நீங்கள் வாசற்கதவுக்குச் சாயம் பூசச் சொல்கிறீர்கள். இந்த எட்டுப் போட்டியில் நாம் 18 கோல் போட்டிருக்கிறோம். அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 26க்குச் சமாதானம் ஆகாது.

சரி, கிழவர்கள் கட்சி. இவர்களிடம் எனக்குக் கோபமே உண்டு. 400 போட்டி என்றால் சும்மாவா? இந்தியாவில் அதற்கு மேல் ஆடியவர் திலீப் திர்க்கி ஒருவர்தான், 412. அவரும் பின்களம், கவனிக்கவும். இதே ரோஹிதாஸ் போன ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் 17ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மிச்ச நேரம் முழுக்கப் பத்துப் பேர் பிரிட்டனைத் தடுத்து நிறுத்தி, 1-1 என்று முடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்றோம். அடுத்த ஆட்டத்துக்கு ரோஹிதாசுக்குத் தடை. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3. அவர் இல்லாமல் போனபோது பெனால்டி கார்னரில் அடிக்கிறவனை நோக்கி முதலில் பாய யார் என்று நாடே கவலைப்பட்டது, நீங்களும்தான் கவலைப்பட்டீர்கள், என்னிடம் ஆதாரம் இருக்கிறது. பத்து மாதத்தில் அதே ஆள் கிழடாகிவிட்டாரா?

பாய்வது என்றதும் ஞாபகம் வருகிறது, முகமூடிக் கதை. இன்று பேச உட்கார்ந்ததே பாதி இதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது உங்களுக்குத் தெரியும். பெனால்டி கார்னர் தடுக்கும்போது போடுகிற முகமூடி எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் தாடைப்பக்கம் விரிசல் விட்டு, செல்லோடேப் ஒட்டி. புதியது வாங்கலாம் என்று இணையத்தில் தேடி, 1,850 ரூபாய்க்கு ஒன்றைப் பதிவு செய்தேன். 1,850! எங்கள் காலத்தில் முகமூடியா போட்டோம், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினோம். சரி, பையன்கள் முகமாயிற்றே. நாலு நாளில் வரும் என்றார்கள், பதினொன்றாவது நாள் வந்தது. பிரித்தால் சிறுவர் அளவு. நான் கேட்டது பெரியவர் அளவு, ரசீதிலும் அப்படித்தான் இருக்கிறது, பெட்டிமேலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. உள்ளே மட்டும் குட்டி. கூப்பிட்டால், "திருப்பி அனுப்புங்கள், அனுப்பும் செலவு 120 உங்களுடையது" என்கிறார் அந்தப் பெண். ஏன் அம்மா என்னுடையது? தவறு என்னுடையதா? இருபது நிமிடம் பேசினேன். கடைசியில் மேலதிகாரி ஒருவர் வந்து, 120 வேண்டாம், ஆளை அனுப்பி மாற்றிக்கொள்கிறோம் என்றார். ஏழு தோல்விக்கு நடுவில் நான் பார்த்த முதல் வெற்றி அதுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. பெட்டிக்குள் திரும்ப வைக்குமுன் எங்கள் கூட்டத்தில் சின்னவன் ஒருவன், பன்னிரண்டு வயது, "சார், ஒரே ஒரு தடவை" என்றான். போட்டுவிட்டேன், அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. பின்கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பெனால்டி கார்னரில் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான் பின்கோட்டில் நிற்கலாம், மீதிப் பேர் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். பந்து உள்ளே தள்ளப்பட்டதும் முதல் ஆள் நேராக அடிக்கிறவனை நோக்கி ஓட வேண்டும். ஐந்து மீட்டருக்குள் வந்தபிறகு முதல் அடி முழங்காலுக்குக் கீழே பட்டால் மறுபடியும் கார்னர். நிமிர்ந்து ஓடும்போது முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் அடி ஆபத்தானது என்று பந்து நமக்கு. அதாவது, உடம்பைக் கொடுத்துத்தான் அதை வாங்க வேண்டும்.

பெரிய பையன் ஒருவனை அடிக்கச் சொல்லிவிட்டு, சின்னவனை ஓடவிட்டேன். பயப்படாதீர்கள், டென்னிஸ் பந்து. மூன்றே அடி எடுத்து வைத்தான், நின்றுவிட்டான். முகமூடியைத் தூக்கிக்கொண்டு, வேர்த்த முகத்தோடு, "சார், நேரே மட்டும்தான் தெரிகிறது, பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. யாராவது சொல்லிக்கொண்டே இருந்தால் ஓடுவேன்" என்றான்.

நீல நோட்டில் இல்லாத ஒரு வரியை அவன் சொல்லிவிட்டான். பாய்கிறவனுக்குக் கண் முன்னால் மட்டும். பக்கத்துக் கண், பின் கண் எல்லாம் கோல்கீப்பருடைய வாய். பந்து இடப்பக்கம் நழுவுகிறது, இரண்டாவது ஆள் உள்ளே வருகிறான், நீ நில், நீ போ என்று அறுபது நிமிடமும் கத்திக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும். நம்மிடம் இருந்தார். ஸ்ரீஜேஷ். பாரிசில் ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலத்தோடு விடைபெற்றார், 16ஆம் எண் சட்டையையும் அவரோடு மடித்து வைத்துவிட்டார்கள். அவர் தடுத்த பந்துகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அவர் போட்ட சத்தத்தைப் பற்றி யார் பேசுகிறோம்?

பதக்காவும் கர்கேராவும் — பாருங்கள், உளறுகிறேன், பதக். கிருஷண் பதக்கும் சூரஜ் கர்கேராவும் நல்ல கோல்கீப்பர்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இருவரையும் மாற்றி மாற்றி நிறுத்தினால் முன்னால் நிற்கிற நாலு பேர் யாருடைய குரலுக்குப் பழகுவார்கள்? வீட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கூப்பிட்டால் நாய்கூடக் குழம்பும். ஹர்மன்பிரீத் வேறு நடுவில் விரலில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார், ஹர்திக் சிங் அணியை நடத்தினார். பழகிய இரண்டு குரலும் இல்லாத நேரம் அது. கடைசி ஐந்து நிமிடத்தில், எல்லோருக்கும் மூச்சு வாங்கும்போது, கால் தானாக ஓடாது. யாராவது விரட்ட வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், ஃபுல்டனையும் மாற்ற வேண்டாம். தடுப்பை நம்பி ஆடுவது தப்பில்லை, அதே ஆட்டத்தில்தான் பாரிசில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றோம், 1972க்குப் பிறகு ஒலிம்பிக்கில் முதல் முறையாக. இந்த பிப்ரவரியில் புவனேசுவரத்தில் எட்டில் ஐந்து ஜெயித்ததும் இதே ஆட்கள், இதே பயிற்சியாளர். ஒருவரை முதல் கோல்கீப்பர் என்று முடிவு செய்யுங்கள், வாய் அதிகம் உள்ளவராகப் பார்த்து. அவரே ஆட்டத்தின் நாலு கால்பகுதியும் நிற்கட்டும். ரோஹிதாசுக்குப் பக்கத்தில் ஓர் இளையவனைப் பாயப் பழக்குங்கள். அவரை வெளியே அனுப்பிவிட்டுப் பழக்காதீர்கள். இன்னொன்று, முன்னிலையில் இருக்கும்போது 50ஆவது நிமிடத்திலிருந்து பந்தைக் கண்மூடித்தனமாக முன்னால் அடித்து எதிரி கையில் கொடுப்பதை நிறுத்துங்கள். என் நோட்டில் "பந்தை இழந்தவர்" பத்தியில் பாதிக்குமேல் நடுகளம்தான். பழி மட்டும் பின்களத்துக்கு.

ஐயோ, லலித்தை மறந்தேவிட்டேன். லலித் உபாத்யாய் நேற்றோடு சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு அறிவித்துவிட்டார். டோக்கியோ வெண்கலம், பாரிஸ் வெண்கலம், இரண்டும் கழுத்தில். வாரணாசிக்காரர். இந்தச் செய்தியை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், வெற்றி மயக்கத்தில் விட்டுப்போயிற்று. எனக்கு அவரிடம் பிடித்தது ஒன்றுதான்: முன்கள ஆளாக இருந்தும் பந்து போனால் திரும்பி ஓடி வருவார். கிழவர்கள் கட்சிக்கு ஒரு பெயர் குறைந்தது, சந்தோஷமா?

இந்தப் பயணமும் புவனேசுவர ஆட்டங்களும் சேர்ந்த சர்வதேசத் தொடரான புரோ லீக் கணக்கும் முடிந்தது: 16 போட்டி, 6 வெற்றி, 18 புள்ளி. பட்டியலின் அடிப்பக்கத்தில் கிடக்கிறோம். ஆகஸ்ட் கடைசியில் ராஜ்கிரில் ஆசியக் கோப்பை. அதை ஜெயித்தால் அடுத்த வருடம் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடக்கிற உலகக் கோப்பைக்கு நேராகப் போகலாம். அதற்குள் யார் குரல் என்று முடிவாக வேண்டும்.

இந்த வருடக் கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும். மதுரை! இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். பையன்களைக் கூட்டிக்கொண்டு போவது உறுதி. ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளர் யார் தெரியுமல்லவா, அதே ஸ்ரீஜேஷ்தான். கோல்கம்பத்துக்குப் பின்னால் இடம் கிடைத்தால் போதும், வெளியிலிருந்து அவர் கத்துவது கேட்கிறதா என்று சின்னவனை வைத்துப் பார்க்க வேண்டும்.

கீழே கேட் சத்தம். முகமூடியை மாற்ற வருகிற ஆளாகத்தான் இருக்கும். பெட்டியை இன்னும் ஒட்டவில்லை, டேப் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அணைக்கிறேன்.