பெயர் விட்டுச் சென்றவர்களும் பிள்ளை விட்டுச் சென்றவர்களும்

அவையோருக்கு வணக்கம்.

மிலான் நகரம் இருக்கும் வட்டாரத்துக்கு லொம்பார்தியா என்று பெயர். 568-இல் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் வந்திறங்கிய லாங்கோபார்டு என்ற ஜெர்மானியக் கூட்டம் விட்டுச் சென்ற பெயர் அது. 774 வரை அவர்கள் முடிசூடி ஆண்டார்கள். இத்தாலியர் கன்னத்தைக் ‘குவாஞ்சா’ என்கிறார்கள், முதுகை ‘ஸ்கியேனா’ என்கிறார்கள். இரண்டும் அந்தக் கூட்டத்தாரின் பேச்சு. இவ்வளவு பேர் வாங்கியவர்கள் இன்றைய இத்தாலியர் உடலில் விட்டுச் சென்றது சிறு பங்குதான். அவர்களுக்குச் சில நூற்றாண்டுகள் முன்னால், ரோமப் பேரரசின் காலத்தில், கிழக்கு மத்தியதரைக் கடற்கரைகளிலிருந்து வணிகராகவும் கைவினைஞராகவும் அடிமைகளாகவும் ஏராளமானோர் வந்து சேர்ந்தார்கள். எந்த வட்டாரத்துக்கும் அவர்கள் பெயர் இல்லை. ஆனால் நடு இத்தாலியிலும் தெற்கிலும் அவர்கள் மரபு இன்றும் தெரிகிறது.

ஆகவே ஒரு மக்களின் வரலாற்றைப் பார்க்கும்போது பெயர், மொழி, பிள்ளை ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு வைக்க வேண்டும். இத்தாலியில் இந்த மூன்று கணக்கும் ஒத்துப்போகும் இடம் அரிது.

முதலில் இருந்தவர்கள் வேட்டையாடிகள். கி.மு. 6000 அளவில், இன்று துருக்கியில் உள்ள அனத்தோலியாவில் வேர்கொண்ட உழவர் மரபினர் கடல்வழியாக வந்து, இத்தாலியின் தென்கிழக்கில் உள்ள புலியாவின் கரையில் இறங்கினார்கள். கோதுமை, பார்லி, ஆடு, மாடு, சிப்பி விளிம்பை அழுத்திக் கோலமிட்ட மண்பானை எல்லாம் அவர்களோடு வந்தன. புலியாவின் தவொலியேரே சமவெளியில் அகழி வெட்டிச் சூழ்ந்த அவர்களின் ஊர்கள் நூற்றுக்கணக்கில் வானிலிருந்து எடுத்த படங்களில் தெரிகின்றன. 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ஓட்ஸி என்ற மனிதர் கி.மு. 3300 அளவில் வாழ்ந்தவர். அவர் மரபில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இந்த உழவர்களுடையது என்று 2023 ஆய்வு காட்டியது. இன்று உயிரோடிருக்கும் மக்களில் அந்த உழவர்களுக்கு மிக நெருங்கியவர்கள் சார்தீனியத் தீவினர். பின்னால் வந்த அலைகள் அந்தத் தீவைக் கொஞ்சமே தொட்டன.

அடுத்து, கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளியில் தோன்றிய மரபு. கி.மு. 2000 ஒட்டி அது வட இத்தாலியில் தென்படுகிறது, பிறகு தெற்கே இறங்குகிறது. இலத்தீன், ஆஸ்கன், உம்பிரியன் போன்ற மொழிகள் இந்த மரபோடு வந்திருக்க வேண்டும் என்பது பொதுக்கருத்து. இங்கேதான், ரோமாபுரிக்கு வடக்கே வாழ்ந்த எத்ருஸ்கர் குறுக்கே வருகிறார்கள். அவர்கள் பேசியது, இலத்தீன் சேர்ந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து மொழியே இல்லை. மேற்கு அனத்தோலியாவின் லிடியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்றார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். மண்ணின் மக்களே என்றார் இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியரான ஹாலிகர்னாசஸ் ஊர் டயோனிசியஸ். இந்த வழக்கு ஈராயிரம் ஆண்டு நடந்தது. 2021-இல் 82 பேரின் பழைய டி.என்.ஏ.வைப் படித்தபோது, எத்ருஸ்கர் அக்கம்பக்கத்து இலத்தீன்காரரைப் போலவே இருந்தார்கள். புல்வெளி மரபு அவர்களிடமும் உண்டு. அண்மையில் அனத்தோலியாவிலிருந்து வந்த தடயம் இல்லை. அதாவது புதியவர்கள் வந்து கலந்த பிறகும் பழைய மொழி நின்றிருக்கிறது. மொழியை வைத்துக் குருதியைச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இந்த ஆய்வு எப்படி நடக்கிறது, எங்கே தவறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்காதைச் சூழ்ந்திருக்கும் எலும்புதான் உடலிலேயே மிகக் கெட்டி. அதிலிருந்து சில பத்து மில்லிகிராம் தூள் எடுப்பார்கள். தொட்டவரின் டி.என்.ஏ. ஒட்டிக்கொள்ளும் என்பதால் முழு உடை, முகமூடி, தனி அறை வேண்டும். பழைய இழைகளின் நுனியில், டி.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் சிதைந்து இன்னொரு எழுத்தான தைமினாக வாசிக்கப்படும்; அந்தச் சிதைவு இருந்தால்தான் மாதிரி உண்மையிலேயே பழையது என்று நம்புவார்கள். இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. கி.மு. 12-ஆம் நூற்றாண்டு முதல் சில நூற்றாண்டுகள் இத்தாலியின் பல பகுதிகளில் பிணத்தை எரித்தார்கள். சிதைத் தீயில் டி.என்.ஏ. மிஞ்சுவதில்லை. ரோமாபுரி பிறந்ததற்கு முந்தைய, நாம் மிகவும் அறிய விரும்பும் காலத்தில் எலும்புச் சான்று மெலிந்து கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி ரோமாபுரி. 2019-இல் அந்த நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 29 இடங்களிலிருந்து 127 பேரைப் படித்தார்கள். பேரரசுக்கு முந்தைய இரும்புக் காலத்தவர் 11 பேரில் 8 பேர் ஐரோப்பிய மரபுத் தொகுதி ஒன்றில் விழுந்தார்கள். பேரரசுக் காலத்தவர் 48 பேரில் அதே தொகுதியில் விழுந்தவர் இருவர் மட்டுமே. மற்றவரில் பெரும்பகுதி கிழக்கு மத்தியதரைப் பக்கம் சாய்கிறது.

இந்த எண்ணைப் பார்த்துப் பலர் அவசரப்படுகிறார்கள். எலும்புகள் நகரத்தையும் துறைமுகத்தையும் ஒட்டிய இடுகாடுகளிலிருந்து வந்தவை. பத்து லட்சம் பேர் நெருக்கியடித்த நகரம் அது. பிறப்பைவிடச் சாவு மிகுந்த இடம். வெளியூரார் வந்துகொண்டே இருந்தால்தான் அது நிற்கும். மலையோரச் சிற்றூரின் உழவன் அந்த இடுகாட்டில் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் கோத்தர் என்ற ஜெர்மானியரோடு கிழக்கு ரோமப் பேரரசு நடத்திய கோத்தியப் போரும் கொள்ளைநோயும் நகரைச் சில பத்தாயிரம் பேருக்குச் சுருக்கின. அதன்பின் வடக்கு, நடு ஐரோப்பிய மரபு மறுபடி ஏறுகிறது. இருந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கிழக்கத்திய கலப்பு தங்கிவிட்டது.

லாங்கோபார்டுகளைப் பற்றியும் இப்போது எலும்பே பேசுகிறது. தூரின் அருகே கொல்லேஞ்ஞோ இடுகாட்டில் வடக்கத்திய மரபினர் பெரிய குடும்பங்களாக, பொருள்கள் சூழப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தெற்கத்திய மரபினர் பெரும்பாலும் வெறுங்கையோடு கிடக்கிறார்கள். ஆண்டவர் சிலர், ஆளப்பட்டவர் பலர்.

சிசிலி தனிக் கதை. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் சிராக்கூசா போன்ற கிரேக்கக் குடியேற்றங்கள். 827-இல் மசாராவில் இறங்கிய அரபுப் படை. 831-இல் பலெர்மோ வீழ்ந்தது. பாசனத் தொட்டிக்கு இன்றும் சிசிலியர் சொல்லும் ‘ஜெப்பியா’ அரபுச் சொல். 1061 முதல், வட பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் தீவைப் பிடித்து, வட இத்தாலியரைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். நிக்கோசியா, பியாத்சா அர்மெரீனா, சான் ஃபிரத்தெல்லோ ஊர்களில் வடக்கத்திய பேச்சு இன்னும் கேட்கும். சிசிலியின் முஸ்லிம்களை, 13-ஆம் நூற்றாண்டில் தீவை ஆண்ட அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் புலியாவின் லுச்சேராவுக்குப் பெயர்த்தார். 1300-இல் அந்த ஊரை அழித்து, மக்களில் பலரை அடிமைகளாக விற்றார்கள். ஒரு சமூகத்தையே அரசாணை துடைத்தெறிந்த இந்த இடத்தைப் புத்தகங்கள் இரண்டு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தம். 1488-இல் துருக்கியருக்குத் தப்பி வந்த அல்பானியர் நிறுவிய பியானா தேலி அல்பனேசி, பலெர்மோவுக்குத் தெற்கே இன்றும் அல்பானிய மொழி பேசுகிறது.

1861-இல் இத்தாலி ஒரே அரசானபோது மக்கள் சுமார் 2.2 கோடி. 1876 முதல் 1915 வரை வெளியேறியவர் சுமார் 1.4 கோடி, சிலர் திரும்பினார்கள். 1950-களில் தெற்கத்தியர் தூரின், மிலான் ஆலைகளுக்கு லட்சக்கணக்கில் ஏறிப்போனார்கள். இத்தாலியின் வடக்கு தெற்கு வேறுபாட்டை அண்மையில் அதிகம் கலைத்தது இந்த ரயில் பயணம்தான் என்பேன்.

‘இத்தாலியா’ என்ற பெயரைக் காசில் பொறித்த கதையோடு நிறுத்துகிறேன். கி.மு. 91-இல் ரோமாபுரியின் கூட்டாளி இனங்கள், எங்களுக்கும் குடியுரிமை கொடு என்று கேட்டுக் கலகம் செய்தன. அவர்கள் கொர்ஃபினியத்தைத் தலைநகராக்கி அந்தப் பெயரில் நாணயம் அடித்தார்கள். மறு ஆண்டே ரோமாபுரி இறங்கிவந்து குடியுரிமை தரத் தொடங்கியது. இன்று பலெர்மோவில் ஈழத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. நகரின் காவல் புனிதை ரொசாலியாவின் குகைக்கோயிலுக்குப் பெல்லெக்ரீனோ மலையேறிப் போகிறவர்களில் சைவத் தமிழரும் உண்டு. வெளிநாட்டுப் பெற்றோருக்கு அங்கே பிறந்த பிள்ளை இடைவிடாமல் அங்கேயே வாழ்ந்து, 18 வயது நிறைந்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் இத்தாலியக் குடியுரிமை பெறலாம் என்கிறது 1992-ஆம் ஆண்டுச் சட்டம்.