ரீபூட் இல்லாமல் இனிட்டாப் மாற்றம்

வணக்கம் நேயர்களே. யூனிக்ஸ் கணினியில், இயங்குதளத்தின் மையமான கெர்னல் எழுப்பும் முதல் புராசஸ், அதாவது ஓடும் நிரல், இனிட்; அதன் எண் 1. சிஸ்டம் ஃபைவ் வகை இனிட், எதை ஓட்டுவது என்பதை எட்சி டைரக்டரியில் உள்ள இனிட்டாப் என்ற ஃபைலைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. அதில் ஒரு வரியைத் திருத்தியதற்காக, பலர் வேலை செய்துகொண்டிருக்கும் சர்வரை ரீபூட் செய்யவே வேண்டாம்.

முதலில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுங்கள். ரூட்டாக இன்னொரு லாகினையும் திறந்து வைத்திருங்கள். இனிட்டாப் வரி ஒவ்வொன்றிலும் நான்கு பகுதிகள்: அடையாளம், ரன்லெவல் (கணினி எந்த நிலையில் இருக்கும்போது ஓட வேண்டும் என்பது), செயல்வகை, கமாண்ட். இடையில் மூன்று கோலன்கள். ஒன்று விட்டுப்போனாலும் அந்த வரி செல்லாது. ஒரே அடையாளம் இரண்டு வரிகளில் வருவதும் கூடாது. வரியை நகலெடுத்துத் திருத்துகிறவர்களுக்கு அடிக்கடி நேர்வது இதுதான்.

சேமித்த பிறகு, 'டெல்இனிட்' என்று அடித்து, இடம் விட்டு, 'கியூ' என்ற எழுத்தைச் சேர்த்து என்டர் தட்டுங்கள். இனிட் ஃபைலை மறுபடி படிக்கும். லினக்ஸில் புராசஸ் 1-க்கு ஹங்அப் சிக்னல் அனுப்பினாலும் இதே பலன். கியூ இருக்க வேண்டிய இடத்தில் 0 அடித்தால் கணினி அணைந்துவிடும், 6 அடித்தால் ரீபூட் ஆகிவிடும். என்டருக்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் தடுமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். புதிதாகச் சேர்த்த ரீஸ்பான் வரி, அதாவது புராசஸ் நின்றால் மறுபடி எழுப்பச் சொல்லும் வரி, உடனே ஓடத் தொடங்கும். நீக்கிய வரியின் புராசஸை இனிட் நிறுத்திவிடும். ஆனால் இருக்கிற வரியில் கமாண்டை மட்டும் மாற்றியிருந்தால்? லினக்ஸின் சிஸ்டம் ஃபைவ் வகை இனிட்டான சிஸ்வி இனிட்டில், ஏற்கெனவே ஓடும் புராசஸ் பழைய கமாண்டுடனேயே தொடரும். சீரியல் போர்ட்டில் லாகின் கேட்கும் நிரலான கெட்டியின் வரியில் வேகத்தை 9600-இலிருந்து 115200 ஆக்கினால், பழைய கெட்டியை நீங்களே கில் செய்ய வேண்டும். இனிட் அதைப் புதிய வேகத்தில் மறுபடி எழுப்பும். அந்தப் போர்ட் வழியாகவே நீங்கள் உள்ளே இருந்தால் இதைச் செய்யாதீர்கள், இணைப்பு அறுந்துவிடும். பூட் ஆகும்போது மட்டும் பயன்படும் சிஸ்இனிட், பூட், இனிட்டிஃபால்ட் வகை வரிகளில் செய்த மாற்றமோ அடுத்த பூட்டில்தான் தெரியும்.

கடைசியாக, ஓடும் புராசஸ்களைக் காட்டும் 'பிஎஸ்' கமாண்டைப் போட்டுப் பாருங்கள், சிஸ்டம் லாகையும் பாருங்கள். கமாண்டின் பாதை தவறாக இருந்தால் அது எழுந்த வேகத்தில் விழுந்துகொண்டே இருக்கும். இரண்டு நிமிடத்தில் பத்து முறைக்கு மேல் அப்படி நடந்தால், சிஸ்வி இனிட் அந்த வரியை 5 நிமிடம் முடக்கி லாகில் எழுதிவிடும். வரியைத் திருத்தி மறுபடி கியூ கொடுத்தால், அந்த 5 நிமிடம் முடியக் காத்திருக்காமல் இனிட் உடனே முயலும்.

இந்த இனிட்டுக்குப் பதிலாக சிஸ்டம்டி உள்ள லினக்ஸில் இனிட்டாப் கிடையாது. அங்கே 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' என்ற கமாண்ட், சர்வீஸ்களை விவரிக்கும் யூனிட் ஃபைல்களை மறுபடி படிக்க வைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் புதிய கமாண்டை எடுத்துக்கொள்ள, அதைத் தனியாக ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.