பட்டியலில் இல்லாத பெயர்

அவைத்தலைவர் அவர்களே, சங்கப் பொறுப்பாளர்களே, விளையாட்டு மாணவர்களே,

பல ஆண்டுகள் கால்பந்து லீக் ஆட்டங்களில் ஆடி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அணி விசுவாசம் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். ஒரே கிளப்பில் கடைசிவரை ஆடியவனே விசுவாசி, கிளப் மாறியவன் பணத்துக்குப் போனவன் என்ற எண்ணம் ரசிகர்களிடம் வேரூன்றிவிட்டது. அதை நான் ஏற்கவில்லை. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்ற நம் இந்திய அணியே அதற்குச் சான்று.

அந்த அணியின் தலைவர் சுனி கோஸ்வாமி, சிறுவனாக மோகன் பகானில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை வேறு கிளப்பின் சட்டையை அணியாதவர். வலது விங்கில் ஆடிய பி.கே. பானர்ஜி, பெரிய கிளப்புகள் எதற்கும் போகாமல் ஈஸ்டர்ன் ரயில்வேயிலேயே இருந்தவர். செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் ஈஸ்ட் பெங்கால் வீரர். கல்கத்தா லீக்கில் சுனியின் நேர் எதிரி. கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜோ, தம் ஆட்டக் காலத்தில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று கிளப்புகளுக்கும் ஆடியவர். இவர்களில் யாரை விசுவாசி என்பது, யாரை அல்ல என்பது?

விசுவாசம் தெரியவேண்டிய இடம் வேறு. அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றோம். தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் ஸ்டாப்பர், அதாவது நடுத் தற்காப்பு வீரர், ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. அந்தத் தலையோடு தற்காப்பில் நின்று உயரப் பந்துகளை முட்டுவது ஆபத்து என்று கண்ட பயிற்சியாளர் ரஹீம், அருண் கோஷை ஸ்டாப்பராக நிறுத்திவிட்டு, ஜர்னைல் சிங்கை அரையிறுதியில் சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். ஆசியாவின் தலைசிறந்த ஸ்டாப்பர்களில் ஒருவர், தமக்குப் பெயர் தந்த இடத்தைப் பாதிப் போட்டியில் விட்டுக்கொடுத்து, தலையில் கட்டோடு முன்வரிசைக்குப் போனார். தென்வியட்நாமை 3-2 என்று வென்ற அந்த ஆட்டத்தில் ஒரு கோல் அவருடையது. செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில், இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்ட பெருங்கூட்டத்தின் நடுவே, அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றபோது பானர்ஜி ஒன்றும் ஜர்னைல் சிங் ஒன்றுமாக அடித்தார்கள்.

பந்தாடியவர்களுக்குத்தான் இதன் கடினம் புரியும். ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் கோச் பெயர்களைப் படிக்கும்போது, பூட்ஸ் கயிற்றைக் கட்டியும் கட்டாமலும் விரல்கள் அப்படியே நிற்கும். பெயர் வந்தாலும் பழகாத இடத்தில் ஆடச் சொன்னால் மனம் சுருங்கிவிடும். அதைக் காட்டிக்கொள்ளாமல் எழுந்து நின்ற தோழர்களை நான் பார்த்திருக்கிறேன். போட்டி மனப்பான்மை என்று நான் மதிப்பது அதைத்தான். எதிரணியை வெல்லும் வெறி எல்லோருக்கும் வரும். தன் இடத்தின் மீதுள்ள பிடிவாதத்தை வெல்வது சிலருக்கே வாய்க்கிறது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அரையிறுதியில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். இறுதி ஆட்டத்துக்குத் தங்கராஜ் திரும்பி வந்தார். பர்மன் வெளியே உட்கார்ந்தார். தங்கராஜின் உயரமும் அனுபவமும் அன்று தேவைப்பட்டன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வெற்றியைப் பேசுவோர் பதினொரு பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். பர்மன் இல்லாமல் இறுதி ஆட்டத்துக்கு யார் போயிருப்பார்கள்?

சங்கப் பொறுப்பாளர்கள் முன்வரிசையில் இருப்பதால் உங்களிடமே கேட்கிறேன். பள்ளிப் போட்டிகளில் கோப்பை வழங்கும்போது ஆடிய பிள்ளைகளை மட்டும் மேடைக்கு அழைக்கிறீர்கள். சீசன் முழுவதும் பயிற்சிக்கு வந்து வெளியே உட்கார்ந்த பிள்ளைகளின் பெயர்களையும் இந்த ஆண்டு முதல் ஒலிபெருக்கியில் படியுங்கள்.