எந்த ஃபோர்க் எங்கே? விருந்து மேசை போடலாம் வாங்க!

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குச் சமையல் கிடையாது, வெறும் மேசைதான். பீங்கான் தட்டு, கிரிஸ்டல் கிளாஸ், வெள்ளி கட்லரி எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரு முழு விருந்துக்கு மேசை போடப் போகிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே பலருக்கு ஒரு நடுக்கம் வந்துவிடுகிறது. எந்த ஃபோர்க்கை முதலில் எடுப்பது, தப்பாக எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் சிரிப்பாரோ என்று. என்னைக் கேட்டால் இந்த விதிகளில் பெரும்பாலானவை கையின் வசதிக்காக வந்தவை. சாப்பிடுகிறவர் கை எங்கே போகும் என்று யோசித்தால் போதும், படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

விரிப்பை விரித்தாயிற்று. அதற்கு அடியில் கெட்டியாக ஒரு ஃபிளானல் துணி போட்டிருக்கிறேன், தட்டு வைக்கிற சத்தம் அமுங்கிவிடும். இப்போது டேப் எடுக்கிறேன். ஆமாம், தையல்காரர் டேப்தான். ஒரு தட்டின் நடுவிலிருந்து அடுத்த தட்டின் நடு வரைக்கும் 60 சென்டிமீட்டர். மேசை 180 சென்டிமீட்டர் நீளம் என்றால் ஒரு பக்கத்துக்கு மூன்று பேர்தான். நான்காவது ஆளைத் திணித்தால் முழங்கையும் முழங்கையும் இடிக்கும். அப்புறம் எவ்வளவு உசத்தியான பீங்கான் போட்டு என்ன பிரயோஜனம்?

சரி, தட்டு. இதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கிறேன், பாருங்கள். பின்னால் என் விரல்கள் நிழலாகத் தெரிகின்றனவா? கேமராவை இன்னும் கிட்டே கொண்டு வருகிறேன். ம், இப்போது தெரியும். இப்படி வெளிச்சத்தை உள்ளே விடுவதுதான் நல்ல பீங்கானின் அடையாளம். கனமான சாதாரண மண் தட்டில் இது நடக்காது. அடுத்து இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். இடது பக்கம் இருப்பதில் லேசாக நீலம் ஓடுகிற வெள்ளை, வலது பக்கம் இருப்பதில் பால் வெள்ளை. முதலாவது, கயோலின் களிமண்ணில் செய்து ஏறக்குறைய 1,400 டிகிரி சூட்டில் சுட்ட கடினப் பீங்கான். சீனாவில் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த இந்தச் சரக்கின் சூட்சுமம் ஐரோப்பியர்களுக்குப் பிடிபடவே இல்லை. கடைசியில் ஜெர்மனியில் இருக்கும் சாக்சனியை ஆண்ட மன்னர் அகஸ்டஸ், தங்கம் செய்துதருவான் என்று பிடித்து அடைத்துவைத்திருந்த பாட்கர் என்ற ரசவாதியும் சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரும் சேர்ந்து அதைக் கண்டுபிடித்தார்கள். 1710-ல் மைசன் தொழிற்சாலை தொடங்கியது. தங்கம் கடைசிவரை வரவில்லை, ஆனால் மன்னருக்கு நஷ்டமில்லை!

வலது பக்கத்துத் தட்டு போன் சைனா. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் ஜோசையா ஸ்போட் பக்குவப்படுத்தியது. பழைய முறைப்படி பீங்கான் கலவையில் கிட்டத்தட்ட பாதி எலும்புச் சாம்பல்தான், அதுவும் மாட்டெலும்பு. சைவம் சாப்பிடுகிறவர்களில் சிலர் இதற்காகவே இதை வாங்குவதில்லை. வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது என்பதால் சொல்கிறேன்.

தட்டைத் திருப்புகிறேன். அடியில் இந்த வட்ட விளிம்பைப் பாருங்கள். தட்டு முழுக்கப் பளபளவென்று இருக்கிறது, இந்த வளையத்தில் மட்டும் பூச்சு இல்லை. பூச்சு இருந்தால் சூளைக்குள் பலகையோடு ஒட்டிக்கொள்ளும் என்று துடைத்துவிடுவார்கள். விரலால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கும். அலமாரியில் தட்டின் மேல் தட்டை அடுக்கும்போது கீழே இருப்பதன் முகத்தைக் கீறுவது இதுதான். நடுவில் ஒரு துண்டு ஃபெல்ட் போடுங்கள், பேப்பர் நாப்கின்கூடப் போதும்.

இப்போது தட்டை வைக்கிறேன். மேசை ஓரத்திலிருந்து கட்டைவிரலின் மேல் கணு அளவுக்கு உள்ளே தள்ளி. கத்தி, ஃபோர்க், ஸ்பூன் மூன்றின் அடிமுனையும் அதே கோட்டில் நிற்க வேண்டும். மேசை பார்க்க அம்சமாக இருக்கிறது என்று சொல்ல வைப்பது முக்கால்வாசி இந்த ஒரு நேர்கோடுதான். பூக்கூடை எல்லாம் அப்புறம்.

கட்லரிக்கு வருவோம். வலது கை வெட்டும், அதனால் கத்தி வலது பக்கம். ஸ்பூனும் அங்கேதான். ஃபோர்க் இடது பக்கம். கத்தியின் கூர்ப்பக்கம் தட்டைப் பார்த்து இருக்கட்டும், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அல்ல. ஒரு காலத்தில் சாப்பாட்டுக் கத்தியின் முனையே குத்துவாள் கணக்காகக் கூராக இருந்தது. 1669-ல் பிரான்சின் பதினான்காம் லூயி கூர்முனைக் கத்திகளுக்குத் தடை போட்டார். மேசையில் கத்தி முனை மொண்ணையாக இருப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது.

வெளியிலிருந்து உள்ளே. முதலில் வரும் பதார்த்தத்துக்கானது வெளிவரிசையில், கடைசியில் வருவது தட்டை ஒட்டி. முன்பெல்லாம் ஐரோப்பிய விருந்துகளில் எல்லாப் பண்டங்களையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஒன்று முடிந்தபின் ஒன்று பரிமாறும் ரஷ்ய முறை பரவியது. இந்த நீண்ட கட்லரி வரிசை அதோடு வந்ததுதான். அதனால் வரிசையைப் பார்த்தாலே என்னென்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட வேண்டும். மெனுவில் சூப் இல்லையா? சூப் ஸ்பூன் வைக்காதீர்கள். மீன் இல்லையா? மீன் கத்தி டிராயரிலேயே இருக்கட்டும். செட்டில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் எடுத்துப் பரப்புவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. விருந்தாளி வராத மீனுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்!

இனிப்புக்கான ஸ்பூனும் ஃபோர்க்கும் தட்டுக்கு மேலே, குறுக்காக. ஸ்பூனின் கைப்பிடி வலப்பக்கம், ஃபோர்க்கின் கைப்பிடி இடப்பக்கம். ஏன் தெரியுமா? இனிப்பு வரும்போது இரண்டையும் அப்படியே கீழே இழுத்தால் போதும். பாருங்கள், இழுக்கிறேன். ஸ்பூன் வலது கையில், ஃபோர்க் இடது கையில். யோசிக்கவே வேண்டாம்.

இடது கைக்காரர் வந்தால் என்ன செய்வது? மரபுப்படி மேசையை மாற்றக் கூடாது, அவரே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கைக்காகத்தான் விதி என்றால் அவர் கைக்காகவும்தானே? தெரிந்தவர் என்றால் நான் திருப்பியே வைத்துவிடுவேன்.

அடுத்தது கிரிஸ்டல். தண்ணீர் கிளாஸ் கத்தியின் முனைக்கு நேர் மேலே. மற்றவை அங்கிருந்து வலப்பக்கமாகச் சாய்ந்த வரிசையில். குடிக்கப்போவது வலது கை, வேறு எங்கே வைத்தாலும் தட்டைத் தாண்டிக் கை நீட்ட வேண்டிவரும். நகத்தால் ஒரு தட்டு தட்டுகிறேன், கேளுங்கள். டிங்... எவ்வளவு நேரம் நிற்கிறது! 1674-ல் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் காப்புரிமை வாங்கிய கண்ணாடியிலிருந்துதான் ஈயம் சேர்த்த கிரிஸ்டல் வளர்ந்தது. ஈயம் சேர்ந்தால் கண்ணாடி கனமாகும், பட்டை தீட்ட மிருதுவாகும், ஒளியையும் அதிகமாக வளைக்கும், அந்த மினுமினுப்பு அங்கிருந்துதான். ஐரோப்பிய விதிப்படி லெட் கிரிஸ்டல் என்று சொல்லிக்கொள்ள குறைந்தது 24 சதவீதம் ஈய ஆக்சைடு இருக்க வேண்டும். விருந்து நேரத்துக்குக் கிளாஸில் ஊற்றிக் குடிக்கலாம். ஆனால் ஈயம் கலந்த ஜாடியில் பானத்தை நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள், ஈயம் அதில் இறங்கும். இப்போது ஈயமில்லாத கிரிஸ்டலும் நிறைய வருகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் அதையே வாங்குங்கள்.

வைப்பதற்கு முன்னால் ஒரு துடைப்பு. வெந்நீர்ப் பாத்திரத்தின் ஆவியில் கிளாஸைக் காட்டி, நூல் பிரியாத துணியால் துடைக்க வேண்டும். என் இடது கையைக் கவனியுங்கள், கிண்ணப் பகுதியைப் பிடித்திருக்கிறேன். கிண்ணத்தைத் துடைக்கும்போது கிண்ணத்தையே பிடிக்க வேண்டும், அடித்தட்டைத் துடைக்கும்போது அடித்தட்டை. ஒரு கையால் அடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மேலே முறுக்கினால் நடுவில் இருக்கும் தண்டு பட்டென்று போய்விடும்.

நாப்கின் சும்மா நான்காக மடித்து ஃபோர்க்குக்கு இடப்பக்கம். அன்னப்பறவை, விசிறி எதுவும் வேண்டாம், வாய் துடைக்கிற துணியை அவ்வளவு நேரம் கையில் வைத்து மடித்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பூக்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தை மறைக்காத உயரத்தில். வாசனை மெழுகுவத்தி கூடவே கூடாது, சாப்பாட்டு வாசனையைக் கெடுக்கும்.

விருந்து முடிந்தபின் கழுவுவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தங்க விளிம்பு போட்ட தட்டை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், பொறி பறக்கும். ஈய கிரிஸ்டலைக் கையால்தான் கழுவ வேண்டும், டிஷ்வாஷரில் போட்டுக்கொண்டே இருந்தால் மங்கிவிடும். முட்டையில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும், அதனால் முட்டை பட்ட வெள்ளியை உடனே கழுவுங்கள். வெள்ளிக் கரண்டிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை, ரப்பரிலும் கந்தகம் உண்டு. வெள்ளிக் கத்தியின் கைப்பிடி பெரும்பாலும் உள்ளே கூடாக இருக்கும், அலகைப் பசை வைத்துப் பொருத்தியிருப்பார்கள். வெந்நீரில் ஊறப்போட்டால் பசை இளகிக் கைப்பிடி ஒரு பக்கம், அலகு ஒரு பக்கம் ஆகிவிடும். அலகை மட்டும் கழுவி, கைப்பிடியை ஈரத் துணியால் துடைத்து வையுங்கள்.