ரிப்போர்ட் நார்மல், வலி நிஜம்

நேயர்களுக்கு வணக்கம்.

என்னிடம் வருகிறவர்களில் சிலர் உட்காருவதற்கு முன்பே ஒரு தடித்த ஃபைலை மேசையில் வைப்பார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி எல்லாமே நார்மல். ஆனால் கை மட்டும் அடிவயிற்றைவிட்டு அகலாது. "எல்லாம் மனப்பிரமைன்னு சொல்றாங்க டாக்டர்" என்னும்போதே குரல் உடைந்துவிடும். இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், சுருக்கமாக ஐபிஎஸ் என்கிற குடல் கோளாறு உள்ளவர்கள் இவர்கள். வலி நிஜம் என்பதைத்தான் இவர்களிடம் முதலில் சொல்வேன்.

ஆறுதலுக்காகச் சொல்வதல்ல. 1973-இல் ஒரு சோதனை செய்தார்கள். பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சின்ன பலூனை வைத்து, 60 மில்லி வரை ஊதினார்கள். ஐபிஎஸ் உள்ளவர்களில் 55 சதவீதம் பேருக்கு வலித்தது. மற்றவர்களில் வெறும் 6 சதவீதம் பேருக்குத்தான். அதே பலூன், அதே அளவு! குடல் நரம்புகள் அளவுக்கு மீறி விழித்துக்கொண்டிருக்கின்றன. கொலோனோஸ்கோபியில் குடலின் உள்சுவர் தெரியும், நரம்பின் இந்தப் பதற்றம் தெரியாது.

சரி, நரம்பு ஏன் பதறுகிறது? பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு 2021-இல் தந்த விடை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கோதுமை, பால், சோயா போன்றவற்றின் சாரத்தை 12 நோயாளிகளின் குடல் சுவரில் துளியளவு ஊசியால் செலுத்தினார்கள். ஏதாவது ஒன்றுக்காவது அந்த இடம் வீங்கியது, 12 பேருக்குமே. வழக்கமான ஒவ்வாமைபோல உடம்பு முழுக்கப் பரவாமல், குடலின் அந்த இடத்தோடு நிற்கிற எதிர்வினை இது. அங்கே மாஸ்ட் செல்கள் என்கிற நோய் எதிர்ப்பு அணுக்கள், ஹிஸ்டமின் என்கிற அலர்ஜி வேதிப்பொருளைக் கொட்டுகின்றன, நரம்பு சீண்டப்படுகிறது. ஒரு குடல் தொற்றுக்குப் பிறகு இது தொடங்கலாம் என்பதை எலிகளில் காட்டினார்கள்.

ஹிஸ்டமினைத் தடுக்கும் எபாஸ்டின் என்கிற பழைய அலர்ஜி மாத்திரையை, மலச்சிக்கல் இல்லாத ஐபிஎஸ்ஸுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் உண்டு, ஆனால் எல்லோருக்கும் இல்லை. நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு மருந்து, அமிட்ரிப்டிலின். பிரிட்டனில் 463 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. இரவில் 10 முதல் 30 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் தொந்தரவு நன்றாகக் குறைந்தது. "மனச்சோர்வு மாத்திரையை எனக்கு ஏன் தருகிறீர்கள்?" என்று கோபப்படுவார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் இந்தச் சின்ன அளவில் அது வலிப் பாதையைத்தான் அமைதிப்படுத்துகிறது. வாய் வறளும், தூக்கம் வரும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மலச்சிக்கல் வகைக்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லினாக்ளோடைட் உண்டு. ரத்தத்தில் அதிகம் கலக்காமல், குடலுக்குள்ளேயே வலியைத் தணிக்கிறது. வியன்னாவில் ஒரு குழு, வலியைத் தணிக்கும் ஆக்ஸிடோசின் என்கிற ஹார்மோனைச் செரிமானத்தில் சிதையாத வடிவத்தில் உருவாக்கி எலிகளில் பார்த்திருக்கிறது. மனிதர்களுக்கு வர நாளாகும். அவசரப்படவும் கூடாது. அலோசெட்ரான் என்ற ஐபிஎஸ் மருந்து 2000-இல் அமெரிக்காவில் வந்து, சிலருக்குக் குடலுக்கு ரத்த ஓட்டம் குறைந்ததால் அதே ஆண்டு விலக்கப்பட்டது. பிறகு கடும் கட்டுப்பாட்டோடுதான் திரும்ப வந்தது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் எழுப்பிவிடும் வலி இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்கள் அடுத்த முறை போகும்போது ஃபைலோடு ஒரு தாளும் கொண்டுபோங்கள். வலி எப்போது தொடங்கியது, அதற்கு முன் கடுமையான வயிற்றுப்போக்கு வந்ததா, எதைச் சாப்பிட்டால் கூடுகிறது என்று எழுதியிருந்தால், ஸ்கேன் சொல்லாததை அந்தத் தாள் சொல்லக்கூடும்.

நன்றி, வணக்கம்.